காணாமல் போன ‘இல்லை’

அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் விசாரணை அவளுடையது. பிஸ்கட் டப்பாவில் ஒன்று குறைந்தால் அண்ணனின் சட்டைப் பையை முகர்ந்து பார்ப்பாள். துவைத்துப் போட்ட காலுறைகளில் ஒற்றை மட்டும் திரும்பி வந்தால் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிப்பாள். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயர் ‘போலீஸ்’. பள்ளியில் வேறு பெயர் உண்டு. அது வருகைப் பதிவுக்கு மட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காணாமல் போனது ஒரு சொல்.

மருத்துவமனை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா போனில் பேசினார். அப்பா போனை மேசையில் வைத்து, சத்தமாக ஒலிக்க விட்டுத்தான் பேசுவார். அதனால் பேச்சு முழுவதும் போலீஸின் காதிலும் விழுந்தது.

“சார், நேத்து அனுப்பின ரிப்போர்ட்ல ‘முழங்காலில் வீக்கம்’னு இருக்கு. டாக்டர் சொன்னது ‘வீக்கம் இல்லை’. அந்த ‘இல்லை’யக் காணோம்.”

“நான் டைப் அடிச்சேனேம்மா.”

“இது ரெண்டாவது தடவை சார். டாக்டர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்ததால தப்பிச்சோம். இத்தனை வருஷத்துல நீங்க ஒரு எழுத்து விட்டதில்ல. எனக்கே கஷ்டமா இருக்கு. திங்கள்கிழமை வேலையிலயும் இப்படி ஆச்சுன்னா, வேற ஆளுக்குக் கொடுத்துடச் சொல்லிட்டாங்க.”

போன் அடங்கியது. அப்பா அதைத் தள்ளி வைத்தார்.

“அடிச்சேன்,” என்றார். பிறகு மெதுவாக, “அடிச்சேன்னுதான் நினைக்கிறேன்,” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியம் போலீஸுக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவுக்குக் கண் தெரியாது. மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும், தாங்கள் கண்டதைப் பேசிப் பதிவு செய்வார்கள். அப்பா அதை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவார். மேசைக்கு அடியில் ஒரு மிதி இருக்கும். காலால் அழுத்தினால் மருத்துவரின் பேச்சு நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால் தொடரும்.

அப்பாவின் கணினி பேசும். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு பெண் குரல் படித்துச் சொல்லும். அதுவும் எவ்வளவு வேகம்! வெளியாள் கேட்டால் தேனீக்கூட்டம் வந்துவிட்டது என்று ஜன்னலைச் சாத்தப் போவார். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. எதைச் செய்தாலும் உடனே ஏதாவது சொல்லிவிடும் குரல் என்பதால் அண்ணன் அதற்கு ‘அத்தை’ என்று பெயர் வைத்திருந்தான்.

தட்டச்சு செய்யும்போது மட்டும், திரையில் புதிதாக ஏதாவது வந்தால் தவிர வேறெதற்கும் பேசக் கூடாது என்று அப்பா அத்தையிடம் சொல்லிவிடுவார். மருத்துவரும் அத்தையும் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்குத்தான் புரியும்? முழுவதும் அடித்தபின் அத்தையை ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்பார்.

‘முழங்காலில் வீக்கம்’ என்று அத்தை படித்தபோது அது முழு வாக்கியமாகவே ஒலித்தது. காதில் எதுவும் இடறவில்லை.

போலீஸ் நேராக அண்ணனிடம் போனாள்.

“அண்ணா, கம்ப்யூட்டரைத் தொட்டியா?”

“ஆரம்பிச்சுட்டா.”

“தொட்டியா, இல்லையா?”

“என்கிட்ட போன் இருக்கு. அந்த டப்பாவை நான் எதுக்குத் தொடறேன்?”

“போன வாரம் யாரோ ‘சரி’ன்னு அழுத்தியிருக்காங்க. அதான் புதுசு வந்து உட்கார்ந்துச்சு.”

கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு அதை நடத்துகிற மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். புதிய இயங்குதளம் தயாராக இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்று கணினி பல வாரங்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்றே பதில் கொடுத்தார். போன வாரம் ஒருநாள் காலையில் கணினியைப் போட்டதும் அத்தை உற்சாகமாகச் சொன்னாள்: “வணக்கம்! உங்களுக்காக நாங்கள் சில மாற்றங்களைச் செய்திருக்கிறோம்!”

“‘நாங்கள்’னா யாரு?” என்று போலீஸ் அன்றே கேட்டாள். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

“சத்தியமா நான் அழுத்தல,” என்றான் அண்ணன். “அதுவே போட்டுக்கிச்சு. என் ஃப்ரெண்டு வீட்லயும் இதே கதைதான்.”

“கேக்காம எப்படிப் போடும்?”

“கேட்டுச்சே. அப்பா ‘பிறகு’ன்னு சொன்னார். பிறகு வந்துடுச்சுன்னு அதுவே முடிவு பண்ணிக்கிச்சு போல.”

போலீஸ் அண்ணனின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவன் காது மடல் சிவக்கும். இப்போது சிவக்கவில்லை. ஆனாலும் முழுதாக விட்டுவிட மனம் வரவில்லை.

அம்மா ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்தார். முழங்கைவரை மாவு வாசனை. விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார்.

“எதுக்கும் ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடலாமா?”

அப்பா எழுந்து கை கழுவப் போனார். அம்மாவும் மறுபடி கேட்கவில்லை.

சாப்பிட்டபின் போலீஸ் அப்பாவின் அறைப் பக்கம் போனாள். அப்பா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு விளக்கு எதற்கு? ஆனால் கணினியும் அணைந்திருந்தது. அவருடைய விரல்கள் மட்டும் மேசையின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தன. விசைப்பலகையே இல்லாத இடத்தில் அப்பா தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒரே அசைவு, திரும்பத் திரும்ப. எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று அவளுக்கும் தெரியும்.

‘இல்லை.’ ‘இல்லை.’ ‘இல்லை.’

அப்பா தன் விரல்களையே சோதித்துப் பார்க்கிறார். போலீஸ் சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை பாடப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

“அப்பா, எனக்கு ஒரு பாடம் டைப் பண்ணித் தர்றீங்களா?”

“பாடமா, விசாரணையா?”

“ரெண்டும்தான்.”

“அதுக்கு எதுக்குப் பாடம்?” என்றான் அண்ணன். “டாக்டர் பேசினதையே போட்டுக் கேட்டா முடிஞ்சது.”

“கூடாது,” என்றார் அப்பா. “அது மத்தவங்க உடம்பு விஷயம். என் காதோட நிக்கணும்.”

“அதான் பாடம்,” என்றாள் போலீஸ். “நான் படிக்கிறேன், அப்பா அடிக்கட்டும். அண்ணா, நீ வரிக்குக் கீழ விரல் வச்சுட்டே வா. நானும் தப்பாப் படிக்கலாம் இல்ல?”

“போலீஸுக்கே போலீஸா? இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு.”

மழை பற்றிய பாடம் அது. அவள் நிதானமாகப் படித்தாள். அண்ணன் விரலை நகர்த்தினான். அப்பாவின் விரல்கள் தடதடவென்று ஓடின. பக்கம் முடிந்ததும் அப்பா அத்தையைப் படிக்கச் சொன்னார்.

“கடல்நீர் வெயிலில் சூடாகிறது. ஆவியாகி மேலே செல்கிறது. குளிர்ந்ததும் மேகமாகிறது. பெய்த மீண்டும் கடலைச் சேர்கிறது.”

“நிறுத்துங்க,” என்றாள் போலீஸ். “‘பெய்த மழைநீர்’னு படிச்சேன். மழைநீர் எங்க?”

“நீ சரியாத்தான் படிச்ச,” என்றான் அண்ணன். முதல்முறையாக அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

அப்பா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். “அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு,” என்றார். குரல் கீழே இறங்கியிருந்தது.

போலீஸ் யோசித்தாள். படித்தவளைக் கவனிக்க அண்ணன் இருந்தான். அடித்தவரைக் கவனிக்க அவள் இருந்தாள். கணினியைக் கவனித்தது யார்?

ஒருவரும் இல்லை. அந்த வீட்டில் கணினியை யாரும் பார்ப்பதே கிடையாது. எல்லோரும் கேட்பதோடு சரி.

அவள் மேசையின் கோடியைப் பார்த்தாள். கணினி வாங்கிய நாளில் அதோடு ஒரு திரையும் வந்தது. அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மின்விசிறியைச் செருகியிருந்தார்கள். திரையின் ஒரு மூலையில் அண்ணனின் தொப்பி. இன்னொரு மூலையில் அம்மாவின் துண்டு. நடுவில் தூசி.

“அண்ணா, இது எரியுமா?”

“எது?”

“திரை.”

இப்படி ஒன்று வீட்டில் இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல அண்ணன் அதைப் பார்த்தான். தொப்பியையும் துண்டையும் எடுத்துக் கட்டிலில் போட்டான். பிளக்கைச் செருகினான். திரை ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

“இப்ப நீ படி,” என்றாள் போலீஸ். “அப்பா, நீங்க அடிங்க. நான் பார்க்கிறேன்.”

அண்ணன் படித்தான். எழுத்துகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கடல்நீர் வந்தது. வெயில் வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையின் வலது மூலையில், கீழே, ஒரு சிறிய பெட்டி தலையை நீட்டியது.

பூனைபோல் சத்தமே இல்லாமல் வந்தது. ‘வார இறுதிக்கு என்ன திட்டம்? இங்கே தேடுங்கள்!’ என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஒரு வெள்ளைக் கட்டம். அதுவரை அப்பாவின் வரியில் துடித்துக்கொண்டிருந்த சின்னக் கோடு ஒரே தாவாகத் தாவி அந்தக் கட்டத்துக்குள் போய்விட்டது. அப்பா அடித்த ‘மேகமாகிறது’ அப்படியே பெட்டிக்குள் விழுந்தது.

‘மேகமாகிறது பற்றி எதுவும் கிடைக்கவில்லை’ என்றது பெட்டி. பிறகு வந்த வழியே நழுவிப் போய்விட்டது. கோடு மறுபடி அப்பாவின் வரிக்கே வந்து நின்றது. ஒன்றும் நடக்காததுபோல.

“பிடிச்சுட்டேன்!” என்று கத்தினாள் போலீஸ்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவள் கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெட்டி எங்கிருந்து வந்தது, எதை விழுங்கியது, எப்படிப் போனது எல்லாம்.

“அது வந்தப்போ அத்தை ஒண்ணும் சொல்லலையே?”

“மூச்சே விடலப்பா. அத்தைக்கு அந்தப் பெட்டி தெரியவே இல்ல போல.”

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப என் விரல் சரியாத்தான் இருக்கு.”

“உங்க விரல் மேல எனக்குச் சந்தேகமே வரலப்பா,” என்றாள் போலீஸ்.

கொஞ்சம் வந்திருந்தது. ஆனால் அதை அவள் சொல்லவில்லை.

திருடன் அகப்பட்டுவிட்டான், விரட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அண்ணன் அமைப்புகளைத் திறந்து எதை எதையோ அணைத்தான். வார இறுதிப் பெட்டி போயிற்று. சற்று நேரத்தில் வானிலைப் பெட்டி வந்தது. அதை அணைத்தான். ‘புதிய வண்ணங்கள் உங்களுக்குப் பிடித்திருக்கின்றனவா?’ என்று இன்னொன்று வந்தது. அதில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று ‘ஆம்’. இன்னொன்று ‘பிறகு நினைவூட்டு’.

“‘வேண்டாம்’ எங்கண்ணா?”

“தேடறேன்.”

“வேண்டாம்னு சொல்லவே விடாத ஆளை எப்படி நம்பறது?”

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “எனக்கு இதுக்கு மேல தெரியாது. கடைக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்.”

தெருக் கோடியில் கணினி பழுது பார்க்கும் கடை இருந்தது. அப்பாவும் பிள்ளைகளும் கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். கடைக்கார அக்கா கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருப்பார். அதனால் தெருவே அவரை ‘ஸ்க்ரூ அக்கா’ என்றது. கண்ணாடி மேசைமேல் மூடி கழற்றிய கணினிகள் வயிற்றைத் திறந்துகொண்டு படுத்திருந்தன.

அவர் முழுக் கதையையும் கேட்டார். “சார், இந்தப் பெட்டித் தொல்லைன்னு இந்த வாரம் எத்தனை பேர் வந்துட்டாங்க தெரியுமா? ஆனா வார்த்தைய முழுங்குதுன்னு யாரும் சொல்லல. அவங்கல்லாம் பார்த்துட்டே அடிக்கிறாங்க. உடனே தெரிஞ்சுடும்.”

“பழையதுக்கே திரும்பிப் போக முடியாதா?” என்று கேட்டார் அப்பா.

“போடலாம். ஆனா அதுல திருடங்க நுழையற மாதிரி புதுசா ஓட்டை விழுந்தா இனிமே அடைக்க ஆள் கிடையாது. ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் வச்சிருக்கீங்க. நான் போட்டுத் தர மாட்டேன். புது கம்ப்யூட்டர் வேணா வாங்கலாம்.”

போலீஸின் புருவம் ஏறியது. “அதுல அந்தப் பெட்டி வராதா?”

ஸ்க்ரூ அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். “வரும்.”

“அப்புறம் எதுக்கு வாங்கணும்?”

“என்னென்ன வழி இருக்குன்னு சொல்லணும்ல பாப்பா. இன்னொண்ணும் இருக்கு. வேற இயங்குதளம். இந்தப் பெட்டி, விளம்பரம் எதுவும் கிடையாது. காசும் கிடையாது.”

போலீஸ் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். “காசு கிடையாதா?”

“கிடையாது.”

“அப்ப ஏதோ இருக்கு.”

ஸ்க்ரூ அக்கா சிரித்துவிட்டார். “என்ன இருக்கு?”

“சும்மா யாரு கொடுப்பாங்க? அதைச் செஞ்சது யாரு?”

“ஒருத்தர் இல்ல. உலகம் பூரா நிறைய பேர். அவங்கவங்களுக்குத் தேவைப்பட்டிருக்கு, செஞ்சிருக்காங்க. மத்தவங்களும் எடுத்துக்கட்டும்னு வெளியில வச்சுட்டாங்க. உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யார் வேணாலும் திறந்து பார்க்கலாம்.”

“நீங்க திறந்து பார்த்தீங்களா?”

“நான் எங்க பார்த்தேன்!” என்ற ஸ்க்ரூ அக்கா கொஞ்சம் சங்கடப்பட்டுக்கொண்டே தன் கணினியை அவர்கள் பக்கம் திருப்பினார். “இதுல அதான் ஓடுது. பாருங்க சார், எவ்வளவு அழகா இருக்கு! இதை இங்க தட்டினா எழுதறது வரும். இதோ, இந்தப் படத்தை…”

போலீஸ் கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

“ஏய்!” என்றான் அண்ணன்.

“இப்பக் காட்டுங்க அக்கா.”

“எதை?”

“எல்லாத்தையும். எங்கப்பா இப்படித்தான் வேலை செய்வார்.”

ஸ்க்ரூ அக்காவின் கை மவுஸின் மேல் நின்றது. சற்று நகர்ந்தது. மறுபடி நின்றது.

“எனக்குத் தெரியல பாப்பா,” என்றார் கடைசியில். “நான் இதைக் கண்ணை மூடிட்டு ஒரு நாளும் பார்த்ததில்ல.”

அன்று காலையிலிருந்து கேட்டவற்றில், போலீஸ் சந்தேகப்படத் தேவையில்லாத முதல் பதில் அதுதான். அவள் திரையை மறுபடி எரியவிட்டாள்.

“பேசற வசதி எங்கயாவது இருக்கும்மா,” என்றார் அப்பா. “தேடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

அவசரம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்க்ரூ அக்கா தேடினார். அண்ணனும் எட்டி எட்டிப் பார்த்து யோசனை சொன்னான். திடீரென்று கணினிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் புறப்பட்டது. மூக்கை யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

“யாரு இவரு, பயங்கரமா சளி பிடிச்சிருக்கே!” என்றான் அண்ணன். “அத்தைக்கு ஏத்த மாமா.”

அப்பா சிரித்தார். நேற்றிலிருந்து அவர் சிரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் போலீஸுக்கு உறைத்தது.

ஸ்க்ரூ அக்கா ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். “இதுக்குள்ளயே எல்லாம் இருக்கு. செருகிட்டு ஆன் பண்ணா இதுலேர்ந்தே ஓடும். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறதைத் தொடாது. ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா உருவிடுங்க.”

“உருவினா முழுசாப் போயிடுமா?” என்றாள் போலீஸ்.

“முழுசா.”

“எதையும் விட்டுட்டுப் போகாதே?”

“போகாது தாயே!”

ஞாயிற்றுக்கிழமை அப்பா மாமாவோடு போராடினார். மாமா ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பேசினார். அப்பா வேகத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். மூக்கடைத்த தேனீக்கூட்டம் ஒன்று அறையை நிறைத்தது. பழைய குறுக்கு விசைகளில் பாதி இங்கே வேறு எதையோ செய்தன. ஒருமுறை கோப்பைச் சேமிக்கப் போய் மொத்தத்தையும் மூடிவிட்டார். எல்லாவற்றையும்விட, கால் மிதியை மாமா கண்டுகொள்ளவே இல்லை.

“அழுத்தறேன், டாக்டர் பாட்டுக்குப் பேசிட்டே போறார்!” என்றார் அப்பா.

கடைசியில் அந்த வேலையை விசைப்பலகையின் ஓர் ஓர விசைக்குக் கொடுத்தான் அண்ணன். அது வேலை செய்தது. ஆனால் அப்பாவின் கால் பழக்கத்தை விடவில்லை. கை விசையை அழுத்தும்போதெல்லாம் காலும் சும்மா இருந்த மிதியைச் சேர்த்து அழுத்தியது.

“சரி, இப்ப காத்திருக்கலாம்,” என்றாள் போலீஸ்.

“எதுக்கு?” என்று கேட்டார் அம்மா.

“பெட்டி வருதான்னு.”

நான்கு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மாவின் கொட்டாவிகூடச் சத்தமில்லாமல் வந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமாவும் மௌனம். திரையின் மூலையைப் போலீஸின் கண்கள் விடவே இல்லை. வெகுநேரம் ஆயிற்று.

“வரலடீ,” என்றான் அண்ணன்.

“நாம இங்க உட்கார்ந்திருந்தா எப்படி வரும்? எல்லாரும் வெளிய போங்க.”

அவர்கள் போனார்கள். அவளும் போவதுபோல் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒரு கண்ணால் மட்டும் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

பிறகு மழைப் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அதற்கடுத்த மண் பாடத்தையும் படித்தாள். அப்பா அடித்தார். மாமா மூக்கால் திருப்பிச் சொன்னார். ஒரு சொல்கூடக் குறையவில்லை.

“நாளைக்கு இதுலதான் வேலை,” என்றார் அப்பா.

திங்கள்கிழமை பள்ளியில் போலீஸுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அவள் பார்க்காத நேரத்தில் பெட்டி வந்தால்? மாமாவிடம் வேறு ஏதாவது தந்திரம் இருந்தால்? அப்பா ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகத்தான் வேலை செய்வார். மற்றவர்கள் உடம்பு விஷயம். உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே போன் மணி கேட்டது. அம்மாவும் அண்ணனும் ஏற்கெனவே மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

“சார், நீங்க அனுப்பினதெல்லாம் வந்துச்சு,” என்றார் அலுவலகத்து அம்மா. “ஆனா ஒண்ணுல நடுவுல நீங்களா ஏதோ சேர்த்திருக்கீங்க.”

போலீஸ் போனுக்குக் கிட்டே போனாள். அண்ணன் அவள் பையைப் பிடித்துக்கொண்டான்.

“‘முதலில் இடது தோள் என்கிறார், பிறகு வலது தோள் என்கிறார், சரிபார்க்கவும்’னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்மா,” என்றார் அப்பா. “என் காதுல அப்படித்தான் விழுந்துச்சு.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“டாக்டர்கிட்ட காட்டினேன். அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்னார். அப்புறம் அவரே பதிவைப் போட்டுக் கேட்டார். தப்பு அவர் பேர்லதான் சார். அப்படியே உட்கார்ந்துட்டார். மத்த ரிப்போர்ட்டெல்லாம் ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்தோம். ஒரு எழுத்து குறையல. ‘இந்தக் காதை யாருக்கும் விட்டுக்கொடுத்துடாதீங்க’ன்னு சொல்லிட்டுப் போனார். நாளைக்கு வேலை அனுப்பலாமா?”

“அனுப்புங்கம்மா,” என்றார் அப்பா.

அம்மா அப்பாவின் காதைப் பிடித்து லேசாகத் திருகினார். “இதைப் போய் டாக்டர்கிட்ட காட்டலாம்னு சொன்னேனே!”

“என்கிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கலையா?” என்றான் அண்ணன், போலீஸைப் பார்த்து.

“இந்தக் கேஸ்ல உன்னை விட்டாச்சு,” என்றாள் அவள். “மத்த கேஸெல்லாம் இருக்கு.”

அப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்துகொண்டார். “என்ன போலீஸ், இப்பவாவது நம்பிக்கை வந்துச்சா?”

“உங்க மேலயா, மாமா மேலயா?”

“ரெண்டு பேர் மேலயும்தான்.”

அவள் கணினியைப் பார்த்தாள். திரை நீலமாக, வெறுமையாக, ரொம்ப நல்ல பிள்ளைபோல் இருந்தது.

“உங்க மேல வந்துடுச்சுப்பா,” என்றாள். ஸ்டூலை இழுத்துத் திரைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள். “மாமாவை இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும்.”